கார்டு இருக்கிறது, டிஸ்க் எங்கே? – வீட்டு சர்வர் கேள்வி பதில்

வீட்டில் விர்ச்சுவலைசேஷன் சர்வர் (ஒரே இயந்திரத்துக்குள் ‘வி.எம்.’ எனும் மெய்நிகர் கணினிகள் பலவற்றை ஓட்டும் சர்வர்) வைத்திருப்பவர்கள் மென்பொருளையோ மதர்போர்டையோ மாற்றிய பிறகு டிஸ்க்குகள் காணாமல் போவது பற்றிய கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம். பதில்களுக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள். டிஸ்க் தெரியவில்லை என்றால் தரவு அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும், டிஸ்க்குகளைச் சர்வரோடு இணைக்கும் கண்ட்ரோலர் கார்டோடு பேசத் தெரிந்த டிரைவர் இல்லாததுதான் காரணம். ஆகவே திரையில் ‘இனிஷியலைஸ்’, ‘ஃபார்மட்’, ‘கிளியர் கான்ஃபிகரேஷன்’ என்று எது கேட்டாலும் ‘சரி’ சொல்லாதீர்கள். இந்தச் சிக்கலில் தரவை நிஜமாகவே இழந்தவர்கள் பலர் அந்த ஒரு ‘சரி’யால்தான் இழந்தார்கள்.

கேள்வி: மெகாரெய்டு 9260-8ஐ கார்டில் நான்கு 4 டி.பி. டிஸ்க்குகளை ரெய்டு 5-ஆக, அதாவது ஒன்று கெட்டாலும் தரவு போகாத ஒரே தொகுதியாக, வைத்திருந்தேன். வி.எம்.களை ஓட்டும் வி.எம்.வேர் மென்பொருளான இ.எஸ்.எக்ஸ்.ஐ. 6.7-ஐ 7.0-ஆக மேம்படுத்தினேன். சர்வர் தனி எஸ்.எஸ்.டி.யிலிருந்து ஒழுங்காக பூட் ஆகிறது. வி.எம்.கள் இருக்கும் சேமிப்பிடமான டேட்டாஸ்டோர் மட்டும் இல்லை. கார்டின் சொந்தத் திரையில் பார்த்தால் ரெய்டு ‘ஆப்டிமல்’ என்கிறது. பழைய டிரைவரை ஏற்றிப் பார்த்தேன், ஏற்க மறுக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ரெய்டு ‘ஆப்டிமல்’ என்றால் கார்டும் டிஸ்க்குகளும் நலம். போனது டிரைவர்.

6.7 வரை இ.எஸ்.எக்ஸ்.ஐ.-க்குள் வி.எம்.கே.லினக்ஸ் என்றொரு அடுக்கு இருந்தது. லினக்ஸுக்காக எழுதப்பட்ட பழைய டிரைவர்களை இ.எஸ்.எக்ஸ்.ஐ.-யில் ஓடவைத்தது அதுதான். 2020 ஏப்ரலில் வந்த 7.0-இல் அந்த அடுக்கையே எடுத்துவிட்டார்கள். உங்கள் 9260-இல் உள்ள சிப் சாஸ் 2108. அதன் டிரைவர் இந்த அடுக்கை நம்பியிருந்தது. இ.எஸ்.எக்ஸ்.ஐ.-க்கென்றே எழுதப்பட்ட புதிய நேட்டிவ் டிரைவரான எல்.எஸ்.ஐ.-எம்.ஆர்.3 இதற்கு அடுத்த தலைமுறை சிப்புகளுக்கானது. பழைய டிரைவர் பொதியை ஏற்றும்போது ‘டிரைவர் ஏ.பி.ஐ. 9.2 தேவை, அது இல்லை’ என்ற மாதிரி ஒரு பிழை வந்திருக்கும். கட்டாயப்படுத்தி ஏற்றினாலும் பயனில்லை; அது நிற்க வேண்டிய தரையே இப்போது இல்லை. ‘அலவ் லெகசி சி.பி.யு.’ என்ற பூட் விருப்பத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அது பழைய பிராசசருக்கான சலுகை. கண்ட்ரோலருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதை உறுதிசெய்ய, இ.எஸ்.எக்ஸ்.ஐ. ஷெல்லில் (கட்டளைத் திரையில்) வி.எம்.கே.சி.எச்.டெவ் கட்டளையை ‘-எல்’ சேர்த்து ஓட்டுங்கள். சிப்பின் அடையாள எண்ணான 1000:0079 உள்ள வரியைத் தேடுங்கள். வரியின் கடைசியில் வி.எம்.எச்.பி.ஏ. என்று தொடங்கும் பெயர் இல்லையென்றால் கார்டை யாரும் கையில் எடுக்கவில்லை. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்ப வேண்டாம். ஒரே சிப்பை நான்கு நிறுவனங்கள் நான்கு பெயரில் விற்கின்றன. ஆதரவு உண்டா இல்லையா என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கிறது.

பூட் ஆகும்போது ஷிஃப்ட்+ஆர் அழுத்திப் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி இங்கே எடுபடாது. 7.0 தன் பூட் டிஸ்க்கின் பகுதிகளை வேறு அமைப்பில் மாற்றி எழுதுவதால் 6.7-இலிருந்து வந்தவர்களுக்கு அது ஒருவழிப் பாதை. வேறு வழியில் திரும்பலாம்:

7.0 இருக்கும் எஸ்.எஸ்.டி.யின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். 8 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட யு.எஸ்.பி. டிரைவ் ஒன்றில் 6.7 அப்டேட் 3-ஐப் புதிதாக நிறுவுங்கள். எங்கே நிறுவுவது என்று கேட்கும் பட்டியலில் உங்கள் ரெய்டு தொகுதியும் தெரியும், யு.எஸ்.பி.யை மட்டும் தேர்ந்தெடுங்கள். அந்தத் திரையில் அவசரம் கூடாது, அளவை இருமுறை பாருங்கள். பூட் ஆனதும் டேட்டாஸ்டோர் தானாக வந்துவிடும். ஒவ்வொரு வி.எம்.-இன் கோப்புறையிலும் உள்ள வி.எம்.எக்ஸ். என்ற அமைப்புக் கோப்பைப் பதிவுசெய்யுங்கள். முதல்முறை இயக்கும்போது ‘நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா’ என்று கேட்கும். ‘நகர்த்தினேன்’ என்று சொன்னால் வி.எம்.-இன் நெட்வொர்க் அடையாளமான மேக் முகவரி மாறாது.

6.7-க்கான பொது ஆதரவு 2022 அக்டோபர் 15-ஆம் தேதியோடு முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. எனவே இதைத் தரவை வெளியே எடுக்கும் ஏணியாக மட்டும் வையுங்கள், இணையத்தோடு இணைக்காமல்.

தரவின் நகல் வேறிடத்தில் பத்திரமான பிறகு இரண்டு பாதைகள். ஒன்று, 9361-8ஐ போன்ற, சாஸ் 3108 சிப் உள்ள கார்டு வாங்கி 7.0-இலேயே தொடர்வது. புதிய கார்டு பழைய ரெய்டு அமைப்பை ‘ஃபாரின்’ என்று காட்டும். ‘இம்போர்ட்’ கொடுத்தால் பெரும்பாலும் ஏற்கும். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்காகத்தான் முதலில் நகல் எடுக்கச் சொன்னது. இன்னொன்று, லினக்ஸ் மேல் ஓடும் விர்ச்சுவலைசேஷன் மென்பொருளான பிராக்ஸ்மாக்ஸுக்குப் போவது. லினக்ஸின் மையப்பகுதியான கர்னலில் உள்ள மெகாரெய்டு டிரைவர் 1000:0079-ஐ இன்றும் இயக்குகிறது. ஆனால் உங்கள் டிஸ்க்கில் உள்ள வி.எம்.எஃப்.எஸ். கோப்பமைப்பை பிராக்ஸ்மாக்ஸ் நேரடியாகப் படிக்காது. 2024 ஏப்ரலில் வந்த 8.2 முதல் ஓர் இம்போர்ட் வழிகாட்டி உண்டு. அது ஓடிக்கொண்டிருக்கும் இ.எஸ்.எக்ஸ்.ஐ. சர்வரிலிருந்து வலை வழியாக வி.எம்.களை இழுக்கும். ஆகவே 9260-ஐ யு.எஸ்.பி. 6.7 உள்ள இயந்திரத்திலேயே விட்டுவிட்டு, பிராக்ஸ்மாக்ஸை வேறு இயந்திரத்தில் போட்டு இழுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஸ்னாப்ஷாட்களை (வி.எம்.-இன் முந்தைய நிலைகளின் பதிவுகளை) நீக்கி, வி.எம்.களை அணைத்துவிடுங்கள். ஸ்னாப்ஷாட் இருந்தால் இறக்குமதி ஆமை வேகத்தில் போகும்.

டிஸ்க்குகளைத் தானே நேரடியாக நிர்வகிக்கும் இசட்.எஃப்.எஸ். கோப்பமைப்பைப் போடும் எண்ணம் இருந்தால் இந்த 9260-ஐ அதற்குப் பயன்படுத்தாதீர்கள். ஒவ்வொரு டிஸ்க்கையும் தனி ரெய்டு 0 ஆக்கிக் கொடுப்பது பரவலான தந்திரம்தான். ஆனால் டிஸ்க்குக்கும் இசட்.எஃப்.எஸ்.-க்கும் நடுவில் கார்டின் கேஷ் நினைவகமும் அதன் பிழை கையாளுதலும் உட்கார்ந்துகொள்ளும். நாளை கார்டு போனால் அதே வகைக் கார்டைத் தேடி அலைய வேண்டும்.

கேள்வி: அதே இ.எஸ்.எக்ஸ்.ஐ. 7.0-தான். கார்டை மட்டும் புதியதாக மாற்றினேன். இப்போது டிஸ்க் ‘சாதனங்கள்’ பட்டியலில் முழு அளவோடு தெரிகிறது, டேட்டாஸ்டோர் பட்டியலில் இல்லை. ‘புதிய டேட்டாஸ்டோர்’ உருவாக்கச் சொல்கிறது.
– வாசகர், திருச்சி

பதில்: உருவாக்காதீர்கள்! அது டிஸ்க்கைத் துடைத்துவிடும்.

வி.எம்.எஃப்.எஸ். தன்னுடைய தலைப்பில் தான் இருக்கும் சாதனத்தின் அடையாளத்தை எழுதிவைத்துக்கொள்ளும். கார்டு மாறியதும் அந்த அடையாளமும் மாறிவிட்டது. எழுதியிருப்பதும் கண்ணால் காண்பதும் ஒத்துப்போகாததால், ‘இது வேறொரு டிஸ்க்கின் நகலாக இருக்கலாம்’ என்று எண்ணி இ.எஸ்.எக்ஸ்.ஐ. ஒதுங்கி நிற்கிறது. ஷெல்லில் இ.எஸ்.எக்ஸ்.சி.எல்.ஐ. கட்டளையின் ஸ்டோரேஜ், வி.எம்.எஃப்.எஸ்., ஸ்னாப்ஷாட் பிரிவில் ‘லிஸ்ட்’ போட்டால் உங்கள் டேட்டாஸ்டோரின் பெயர் வரும். அதே பிரிவில் ‘மவுண்ட்’ போட்டு, ‘-எல்’ உடன் அந்தப் பெயரைக் கொடுங்கள். பழைய அடையாளத்தோடே ஏறிவிடும், வி.எம்.களை மறுபடி பதிவுசெய்ய வேண்டியதில்லை. ‘ரீசிக்னேச்சர்’ என்ற இன்னொரு வழி, மூல டிஸ்க்கும் நகலும் ஒரே சர்வரில் இருக்கும்போது தேவைப்படுவது. அதைச் செய்தால் டேட்டாஸ்டோரின் பெயர் ‘ஸ்னாப்’ என்று தொடங்கும்படி மாறும், எல்லா வி.எம்.களையும் திரும்பப் பதிவுசெய்ய நேரும்.

கேள்வி: பழைய ரேக் சர்வரில் பிராக்ஸ்மாக்ஸ் 8. வழக்கமான அப்டேட் போட்டேன், கர்னல் 6.5-இலிருந்து 6.8 ஆனது. இப்போது பூட் ஆகும்போது ‘டி.எம்.ஏ.ஆர்.’ என்று தொடங்கும் வரிகள் வரிசையாக ஓடி, கடைசியில் பிராக்ஸ்மாக்ஸ் இருக்கும் பி.வி.இ. ரூட் பகுதி இல்லை என்று நின்றுவிடுகிறது. ரெய்டு கார்டு கெட்டுவிட்டதா?
– வாசகர், சென்னை

பதில்: கார்டைக் கழற்றுமுன் பழைய கர்னலை முயலுங்கள். பூட் மெனுவில் ‘அட்வான்ஸ்டு’ பகுதிக்குள் 6.5 இன்னும் இருக்கும். அதில் ஒழுங்காக வந்தால் கார்டுக்கு ஒன்றுமில்லை.

காரணம் இது. பிராக்ஸ்மாக்ஸின் 6.8 கர்னல் முதல் இன்டெல் ஐ.ஓ.எம்.எம்.யு. தானாகவே இயங்கும் நிலையில் வருகிறது. முன்பு நாமாகக் கேட்டால்தான் இயங்கும். ஐ.ஓ.எம்.எம்.யு. என்பது நினைவகத்தின் வாயிற்காவலர் மாதிரி. எந்தக் கார்டு எந்தப் பகுதியில் எழுதலாம் என்று பட்டியல் வைத்துக்கொண்டு மற்றதைத் தடுக்கும். சில பழைய சர்வர்களின் பயாஸ் தரும் பட்டியல் முழுமையாக இருக்காது. ரெய்டு கார்டு வழக்கம்போல எழுதப் போகும், காவலர் தடுப்பார், டி.எம்.ஏ.ஆர். பிழை விழும், கார்டு பதில் சொல்லாமல் நின்றுவிடும். பூட் டிஸ்க்கே அந்தக் கார்டுக்குப் பின்னால் இருந்தால் ரூட் கிடைக்காது.

பழைய கர்னலில் உள்ளே போனதும் பிராக்ஸ்மாக்ஸ்-பூட்-டூல் கட்டளையின் ‘கர்னல் பின்’ வசதியால் அதையே நிலைநிறுத்திக்கொள்ளுங்கள். இது மூச்சு விட நேரம் வாங்குவதற்கு. அடுத்து சர்வரின் பயாஸுக்குப் புதிய பதிப்பு உண்டா என்று பார்த்துப் போடுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் கர்னல் வரியில் ‘இன்டெல்_ஐஓஎம்எம்யு=ஆஃப்’ சேருங்கள் (கட்டளையில் இவை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில்). கிரப் என்ற பூட் நிரலைப் பயன்படுத்தும் சர்வரில் ‘இ.டி.சி.’ கோப்புறையின் ‘டிஃபால்ட்’ பகுதியிலுள்ள கிரப் கோப்பில் எழுதி, அப்டேட்-கிரப் ஓட்ட வேண்டும். இசட்.எஃப்.எஸ். ரூட்டோடு யு.இ.எஃப்.ஐ. முறையில் நிறுவி, செக்யூர் பூட் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் சிஸ்டம்டி-பூட். அங்கே ‘இ.டி.சி.’யின் ‘கர்னல்’ பகுதியிலுள்ள சி.எம்.டி.லைன் கோப்பில், இருக்கும் அதே ஒற்றை வரியின் கடைசியில் எழுதி, பிராக்ஸ்மாக்ஸ்-பூட்-டூலை ‘ரெஃப்ரெஷ்’ உடன் ஓட்டுங்கள். தவறான கோப்பில் எழுதிவிட்டு ‘மாற்றினேன், பயனில்லை’ என்று குழம்புவது இங்கே மிகச் சாதாரணம்.

ஐ.ஓ.எம்.எம்.யு.வை அணைத்தால் கார்டுகளை வி.எம்.-க்கு நேரடியாகக் கொடுக்க முடியாது. அந்தத் தேவை இருப்பவர்கள் முதலில் ‘ஐஓஎம்எம்யு=பிடி’ போட்டுப் பாருங்கள். சர்வரின் சொந்த உபயோகத்தில் உள்ள கார்டுகளுக்கு அது காவலைத் தளர்த்தும்.

கேள்வி: 9300-8ஐ டிஸ்க் கார்டை, சேமிப்பக இயங்குதளமான ட்ரூநாஸ் ஓடும் வி.எம்.-க்கு பாஸ்த்ரூவாக, அதாவது நேரடியாக, கொடுத்திருந்தேன். மதர்போர்டையும் பிராசசரையும் மாற்றினேன். பிராக்ஸ்மாக்ஸ் பூட் ஆகி ஒரு நிமிடம் இருக்கிறது. பிறகு வலை இணைப்பே போய்விடுகிறது. ஸ்டோரேஜ் கார்டுக்கும் நெட்வொர்க்குக்கும் என்ன தொடர்பு?
– வாசகர், மதுரை

பதில்: தொடர்பு முகவரியில் இருக்கிறது. வி.எம்.-இன் அமைப்புக் கோப்பில் கார்டின் பெயர் இல்லை, 03:00.0 என்பது போன்ற ஸ்லாட் முகவரி மட்டுமே இருக்கிறது. புதிய போர்டில் அந்த முகவரியில் உட்கார்ந்திருப்பது உங்கள் நெட்வொர்க் கார்டு. ட்ரூநாஸ் வி.எம். தானாகத் தொடங்கியதும் பிராக்ஸ்மாக்ஸ் சொன்னபடி அதைப் பிடுங்கி வி.எம்.-க்குக் கொடுத்துவிடுகிறது. நெட்வொர்க் போனதோடு தப்பித்தீர்கள். அந்த முகவரியில் பூட் ஆகும் என்.வி.எம்.இ. டிஸ்க் இருந்திருந்தால் சர்வரே பாதியில் உறைந்திருக்கும்.

மானிட்டரும் கீபோர்டும் இணைத்துக்கொள்ளுங்கள். பூட் மெனுவில் ‘இ’ விசையை அழுத்தி, கர்னல் வரியின் கடைசியில் ‘சிஸ்டம்டி.மாஸ்க்=பிவிஇ-கெஸ்ட்ஸ்.சர்வீஸ்’ என்று சேர்த்து பூட் செய்யுங்கள். அந்த ஒரு முறைக்கு மட்டும் எந்த வி.எம்.-மும் தானாகத் தொடங்காது. உள்ளே போனதும் ட்ரூநாஸின் ‘ஸ்டார்ட் அட் பூட்’ குறியை எடுத்துவிடுங்கள், பழைய பி.சி.ஐ. வரியை நீக்குங்கள். பிறகு எல்.எஸ்.பி.சி.ஐ. கட்டளையை ‘-என்என்கே’ சேர்த்து ஓட்டி, உங்கள் கார்டின் எண்ணான 1000:0097 எந்த முகவரிக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள்.

அதைச் சேர்க்கும்போது நேரடி முகவரியாகக் கொடுக்காமல், டேட்டாசென்டர் பகுதியில் உள்ள ‘ரிசோர்ஸ் மேப்பிங்’ வழியாகக் கொடுங்கள். பிராக்ஸ்மாக்ஸ் 8.0 முதல் உள்ள வசதி. முகவரியோடு கார்டின் எண்ணையும் குறித்துவைத்துக்கொள்ளும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வி.எம்.-ஐத் தொடங்கவே விடாது. இந்த விபத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ‘ரோம் பார்’ குறியையும் எடுத்துவிடலாம். ட்ரூநாஸ் அந்தக் கார்டிலிருந்து பூட் ஆவதில்லை. கார்டின் பூட் நிரலுக்காக வி.எம். காத்திருப்பது மிச்சமாகும்.

புதிய போர்டில் இன்னும் இரண்டைக் கவனியுங்கள். பயாஸில், இன்டெல் போர்டு என்றால் விடி-டி, ஏ.எம்.டி. போர்டு என்றால் ஐ.ஓ.எம்.எம்.யு., இயங்கும் நிலையில் இருக்க வேண்டும், மெய்நிகராக்கத்துக்கான எஸ்.வி.எம். தனி, இது தனி. அடுத்து, கார்டு எந்த ஐ.ஓ.எம்.எம்.யு. குழுவில் (ஒன்றாகவே வி.எம்.-க்குக் கொடுக்க வேண்டிய சாதனங்களின் தொகுப்பில்) விழுகிறது என்பது. சாதாரண டெஸ்க்டாப் போர்டுகளில் சிப்செட் வழியே வரும் ஸ்லாட்டுகள் பெரும்பாலும் நெட்வொர்க், யு.எஸ்.பி. எல்லாவற்றோடும் ஒரே குழுவில் கட்டுண்டு கிடக்கும். பிராசசரோடு நேரடியாக இணைந்த மேல் ஸ்லாட்டுக்கு மாற்றினால் பெரும்பாலும் தீரும். குழுவை வலுக்கட்டாயமாகப் பிரிக்கும் ஏ.சி.எஸ். ஓவர்ரைடு பற்றி நிறையப் பேசுவார்கள். வன்பொருள் தராத பிரிவினையை இருப்பதாகக் காட்டும் வேலை அது. தரவு டிஸ்க்குகள் உள்ள கார்டுக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

எல்லாவற்றையும் விட முக்கியம்: ட்ரூநாஸ் தொடங்காத இடைவெளியில் பிராக்ஸ்மாக்ஸுக்கே அந்த டிஸ்க்குகள் தெரியும். ‘சும்மா பார்க்கலாம்’ என்று அங்கே ட்ரூநாஸின் பூலை (டிஸ்க் தொகுப்பை) இம்போர்ட் செய்யாதீர்கள். ஒரே பூலை இரண்டு இயங்குதளங்கள் ஒரே நேரத்தில் எழுதினால் மீட்க வழியில்லை.

கேள்வி: இ.எஸ்.எக்ஸ்.ஐ.-யிலிருந்து கொண்டுவந்த விண்டோஸ் சர்வர் வி.எம்., பிராக்ஸ்மாக்ஸில் நீலத்திரை காட்டுகிறது: ‘இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்’.
– வாசகர், சேலம்

பதில்: இங்கே மாறியது மெய்நிகர் கண்ட்ரோலர். எல்.எஸ்.ஐ. சாஸ் இருந்த இடத்தில் பிராக்ஸ்மாக்ஸ் தரும் விர்ட்ஐஓ ஸ்கஸி வந்திருக்கிறது. விண்டோஸுக்கு அதன் டிரைவர் தெரியாது. டிஸ்க்கைக் கழற்றி சாட்டா-வாக மாட்டுங்கள், பூட் வரிசையிலும் அதைக் குறியுங்கள். விண்டோஸ் ஏறிவிடும். பிறகு 1 ஜி.பி. அளவில் வெற்று டிஸ்க் ஒன்றை விர்ட்ஐஓ ஸ்கஸியில் சேர்த்து, விர்ட்ஐஓ-வின் ஐ.எஸ்.ஓ.வை சி.டி.யாக மாட்டி, டிரைவரை நிறுவுங்கள். அந்த வெற்று டிஸ்க் இல்லாமல் நிறுவினால் போதாது. சாதனத்தைக் கண்ணால் கண்டால்தான் விண்டோஸ் அந்த டிரைவரை பூட்டின்போதே ஏற்றும். வி.எம்.-ஐ முழுதாக அணைத்து, வெற்று டிஸ்க்கை நீக்கி, முதன்மை டிஸ்க்கை ஸ்கஸிக்கு மாற்றி, பூட் வரிசையைத் திரும்பவும் குறியுங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

இரண்டாவது டிஸ்க் மட்டும் தெரியவில்லை என்றால் டிஸ்க் மேனேஜ்மென்டில் அது ‘ஆஃப்லைன்’ ஆக நிற்கும்; ஆன்லைன் ஆக்கினால் போதும். நீலத்திரைகூட வராமல் ‘பூட் சாதனம் இல்லை’ என்று வந்தால், மூல வி.எம். யு.இ.எஃப்.ஐ.-யா பழைய பயாஸா என்று பார்த்து அதையே இங்கும் வையுங்கள்.

கேள்வி: 9211-8ஐ கார்டு டெபியனில் தெரிகிறது. அதே இயந்திரத்தில் ராக்கி லினக்ஸ் 8 போட்டால் தெரியவில்லை. இரண்டும் லினக்ஸ்தானே?
– வாசகர், புதுச்சேரி

பதில்: டிரைவர் ஒன்றே: எம்.பி.டி.3 சாஸ். ஆனால் ரெட்ஹேட் தன் 8-ஆம் பதிப்பில் அந்த டிரைவரின் பட்டியலிலிருந்து உங்கள் கார்டின் 1000:0072 உள்ளிட்ட பழைய எண்களை நீக்கியது. ராக்கி அதை அப்படியே பின்பற்றுகிறது. எல்ரெப்போ என்ற வெளித் தொகுப்பகம் தரும் தனி டிரைவர் மாட்யூலைப் போடலாம். கர்னல் மாறும்போதெல்லாம் அது ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அல்மாலினக்ஸ் 9.4-இல் இப்படி நீக்கப்பட்ட பல கார்டுகளைத் திரும்பச் சேர்த்தார்கள். உங்களுக்கு அது எளிய வழி. கார்டுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் 20.00.07.00 பதிப்பா என்றும் பாருங்கள். 20-ஆம் வரிசையின் முதல் வெளியீடான 20.00.00.00 சிக்கலானது, விட்டுவைக்காதீர்கள். ஃபர்ம்வேர் ஏற்றும்போது ‘பி.ஏ.எல்.’ தொடங்கவில்லை என்று பிழை வந்தால் டாஸ் நிரலை விட்டுவிட்டு யு.இ.எஃப்.ஐ. ஷெல்லுக்கான நிரலைப் பயன்படுத்துங்கள். பழையதை அழித்த பின், புதியதை ஏற்றி முடிக்கும்வரை இயந்திரத்தை அணைக்கக் கூடாது. யு.பி.எஸ்.-இல் வைத்துச் செய்யுங்கள்.

கேள்வி: சர்வரிலிருந்து கழற்றிய டெல் எச்310 ரெய்டு கார்டை டெஸ்க்டாப் போர்டில் போட்டால் திரையே வரவில்லை. எடுத்தால் வருகிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: கார்டின் தங்க விளிம்பில், சிப்புகள் உள்ள பக்கம், உலோகத் தகடு இருக்கும் முனையிலிருந்து எண்ணினால் ஐந்தாவதும் ஆறாவதும், போர்டோடு தகவல் பரிமாறும் எஸ்.எம்.பஸ் ஊசிகள். சர்வர் கார்டுகள் சில அவற்றின் வழியே பேசும் விதம் டெஸ்க்டாப் போர்டுக்குப் பிடிபடாது. நினைவகத்தைக் கண்டறியும் பேச்சும் அதே கம்பியில்தான் நடக்கிறது. அந்த இரண்டு ஊசிகளை மட்டும் மூடும்படி சூடு தாங்கும் ‘கேப்டான்’ (Kapton) டேப்பை மெல்லியதாக வெட்டி ஒட்டுங்கள். சாதாரண செலோ டேப் சூட்டில் பசை உருகி ஸ்லாட்டைக் கெடுக்கும்.

திரை வந்தும் டிஸ்க் வராவிட்டால் கேபிளைப் பாருங்கள். எஸ்.எஃப்.எஃப். 8087 முனையிலிருந்து நான்கு சாட்டா முனைகளாகப் பிரியும் கேபிளில் ‘ஃபார்வர்ட்’, ‘ரிவர்ஸ்’ என இரு வகை. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போக ஃபார்வர்ட் தேவை. ரிவர்ஸ், மதர்போர்டின் சாட்டாவிலிருந்து, டிஸ்க்குகள் செருகும் பலகையான பேக்பிளேனுக்குப் போவது. மாற்றி மாட்டினால் எதுவும் கெடாது, எதுவும் தெரியவும் தெரியாது. கடைசியாக, இந்தக் கார்டுகள் சர்வரின் வேகமான காற்றோட்டத்தை நம்பி வடிவமைக்கப்பட்டவை. டெஸ்க்டாப் பெட்டியில் ஹீட்சிங்க் மேல் 40 மி.மீ. மின்விசிறி ஒன்றைக் கட்டிவிடுங்கள். ஏப்ரல், மே வெயிலில் மட்டும் டிஸ்க்குகள் ஒன்றொன்றாக விலகிப் போய், இரவில் திரும்பி வந்தால், முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியது அந்த ஹீட்சிங்கை.